நோட்டீஸ் ஒட்டியும் கரன்ட் பில் குறையவில்லையே!

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். 'மின்சாரத்தைச் சேமிப்பீர்' என்று மாடிக்கு மாடி ஒட்டியும் பொது மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. குடியிருப்போரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– சங்கச் செயலாளர், சென்னை

பதில்: அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பொதுக் கட்டணத்தை 24 ஆல் வகுத்துப் பராமரிப்புத் தொகையோடு வாங்குகிறீர்கள். விளக்கை அணைத்தவருக்கும் அணைக்காதவருக்கும் ஒரே தொகை. எத்தனை யூனிட் போனது என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. ஞாயிறுதோறும் காலை ஒரே நேரத்தில் பொது மீட்டரைக் குறித்து, அந்த வாரத்து யூனிட்டை லிஃப்ட் அருகே எழுதிவையுங்கள். கூடியிருந்தால் காரணத்தையும் எழுதுங்கள்.

பல இடங்களில் அந்தக் காரணம் தொட்டி நிரம்பி வழிவதுதான். ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 1.4 யூனிட் இழுக்கும். தினம் அரை மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 42 யூனிட், தண்ணீரும் பாழ். இதற்கு வாட்ச்மேனைத் திட்டிப் பயனில்லை, தொட்டியில் தானாக நிறுத்தும் கருவியைப் பொருத்துங்கள்.

படிக்கட்டு விளக்குக்கு, ஆள் வந்தால் எரியவைக்கும் சென்சார் போடுபவர்கள் எரியும் நேரத்தை 15 நொடி என்று வைத்துவிடுவார்கள். முதியவர் பாதிப் படியில் இருக்கும்போது இருட்டிவிடும். மறுநாளே யாராவது எலக்ட்ரீஷியனை அழைத்து நேரடி இணைப்பு கொடுத்துவிடுவார்கள். 90 நொடி வையுங்கள். திருப்பத்துக்கு ஒரு 5 வாட் எல்.இ.டி. எப்போதும் எரியட்டும்.

வீட்டுக்குள் நடக்கும் செலவுக்கு ஒப்பீடு நன்றாக வேலை செய்யும், கவனமாகச் செய்தால். கலிஃபோர்னியாவின் சான் மார்க்கோஸ் ஊரில் அக்கம்பக்கத்தாரின் சராசரி மின்செலவைச் சீட்டில் எழுதி வீட்டுக் கதவில் மாட்டிப் பார்த்தார்கள். ஆய்வு 2007-ல் வெளியானது. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ சராசரியை நோக்கி ஏறிவிட்டார்கள்! அவர்கள் சீட்டில் சிரித்த முகம் ஒன்றை வரைந்ததும் அந்த ஏற்றம் நின்றது. ஆகவே குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு 'சபாஷ்' என்று எழுத மறக்காதீர்கள். இரண்டு படுக்கையறை வீட்டை அதே அளவு வீட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சராசரியில் சேர்க்காதீர்கள். பெயர் போட்டுப் பலகையில் எழுதவே கூடாது, சண்டையில் முடியும். மடித்த சீட்டாகக் கொடுங்கள்.

அந்தச் சீட்டை, மின்வாரியம் ரீடிங் எடுத்ததிலிருந்து 30-ஆம் நாள் கொடுப்பது நல்லது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடும். பாதி வழியில் 250-ஐக் கடந்த வீட்டுக்கு அது தெரிந்தால் குறைக்க இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

கேள்வி: ஏ.சி.யை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்கிறார் மகன். சரியா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் 'இன்வெர்ட்டர்' வகை அல்லாத ஏ.சி. என்றால் சரியில்லை. 18 ஆனாலும் 26 ஆனாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18-ல் நிற்காமல் ஓடும், அவ்வளவே. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள். தூசி அடைத்தால் 18-ல் வைத்தும் குளிராது.