கல்மேட்டை யார் கட்டியது?

கேள்வி: கோமுகம் போய் வந்தேன். பனியாறு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மேலெல்லாம் கல்லும் மண்ணும்தான். வழியில் கண்மாய்க் கரை மாதிரி கல்மேடுகள் வேறு. மலை சரிந்து விழுந்ததா, பனி கொண்டுவந்து போட்டதா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?
– பள்ளி ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: கோமுகம், மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளான கங்கோத்ரி பனியாற்றின் முகப்பு. அதன் இரு பக்கச் சரிவுகளிலிருந்தும் கல் ஓயாமல் உதிர்கிறது. அதுதான் நீங்கள் பார்த்த போர்வை. ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்தால் சீக்கிரம் கரையாது அல்லவா? கனமான கல் போர்வையும் அப்படித்தான், வெயிலைத் தடுக்கும். ஆனால் ஓரிரு சென்டிமீட்டருக்கும் குறைவான மெல்லிய மண் என்றால் கதை தலைகீழ். கருத்த மண் வெயிலை உறிஞ்சிப் பனியை வேகமாக உருக்கிவிடும்.

பெரிய மலைச்சரிவு விழுந்தால் என்ன ஆகும்? 1964-இல், தனுஷ்கோடியைப் புயல் அழித்த அதே ஆண்டு மார்ச்சில், அலாஸ்காவில் 9.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஷெர்மன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் மலை சரிந்து பரவியது. கல் மூடிய இடத்தில் உருகல் வெகுவாகக் குறைந்தது. மூடாத பனி உருகித் தாழ, மூடிய பகுதி மேடை போல உயர்ந்து நின்றது. இப்படிக் கீழே உருகல் குறைந்தாலும் மேலே பனி சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் குளிர் கூடாமலேயே பனியாறு முன்னேறி, சுமந்த கல்லை முகப்பில் மேடாகக் கொட்டலாம். இந்த மேட்டை மொரைன் என்கிறோம்.

நியூசிலாந்தின் வாய்ஹோ லூப் மொரைனைப் பூமி குளிர்ந்திருந்த ஒரு பழங்காலத்தின் சாட்சியாக நெடுநாள் சொல்லி வந்தார்கள். அதில் பெரும்பாலும் கூரிய மணற்பாறைத் துண்டுகளே இருப்பதைக் காட்டி, மலைச்சரிவால் உண்டானது என்று 2008-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது.

ஆகவே மேட்டின் உருவத்தை விட்டுவிட்டுக் கல்லைப் பாருங்கள். தனுஷ்கோடியில் அலை உருட்டிய பவளத்துண்டு விரலில் வழுக்கும்; இடிந்த தேவாலயச் சுவரில் உடைந்த பவளக்கல் கையைக் கீறும். பனியின் அடியில் அரைபட்ட கல்லுக்கு முனை மழுங்கியிருக்கும், முகத்தில் கீறல் கோடுகள் ஓடும். சரிவில் வந்த கல் கூர்மையாக, பெரும்பாலும் ஒரே வகைப் பாறையாக இருக்கும். ஒரே கல்லை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஓரத்தில் உதிர்ந்து பனியின் முதுகில் பயணம் செய்த கல்லும் கூர்மை மாறாமல் வரும். உங்கள் படங்களைப் பெரிதாக்கி ஐம்பது கல்லாவது பாருங்கள்.

வகுப்புக்கு மூன்று ஐஸ் கட்டி போதும். ஒன்றை வெறுமனே வையுங்கள், ஒன்றில் கரித்தூள் தூவுங்கள், ஒன்றை நான்கு விரல் கனத்துக்கு மணலால் மூடுங்கள். முற்றத்து வெயிலில் ஒரு பாடவேளை விட்டுவிட்டு, பிள்ளைகளையே மணலை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.