‘டிக்’ என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை

வாசகர் கேள்வியும் வண்டிப் பதிலும்

கேள்வி: கடலூர் தாழங்குடாப் பக்கம் எங்களுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. மணலில் மிலாறு (சுள்ளிக் கிளைகள்) இழுப்பதற்காக, கரடுமுரடான தரையிலும் ஓடும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டி வருகிறோம். ஐப்பசி மழையில் ஆறு வாரம் கொட்டகையில் நின்றிருந்த வண்டி, இப்போது ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் சொன்னபடி பேட்டரியை மாற்றினேன்; பிறகு ரிலேயையும் மாற்றினேன். மல்டிமீட்டரில் அளந்தால் பேட்டரி 12.7 வோல்ட் காட்டுகிறது. அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஊகத்தின் பேரில் இரண்டு பொருள்களை மாற்றிவிட்டீர்கள். மூன்றாவதை வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் அதே மீட்டரை இன்னும் ஒருமுறை எடுத்துக்கொண்டு வண்டியருகே உட்காருங்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பொத்தான், பிரேக் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், ஃபியூஸ் ஆகியவற்றைத் தொட்டுச் செல்லும் மெல்லிய வயர்ப் பாதை ஒழுங்காக இருந்தால்தான், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருள் இழுத்து அந்த ‘டிக்’ எழும். ஆகவே அந்தப் பாதையைச் சந்தேகிக்கத் தேவையில்லை. பேட்டரியின் பிளஸ் முனையில் புறப்பட்டு, ரிலே வழியாகச் செல்ஃப் மோட்டாருக்குப் போய், மோட்டாரின் உடலிலிருந்து எஞ்சினுக்கும் அங்கிருந்து எர்த் வயர் மூலமாக மைனஸ் முனைக்கும் திரும்புகிற தடித்த வயர்ப் பாதையில்தான் தேட வேண்டும். சத்தம் ஒன்றாக இல்லாமல் ‘டிக்டிக்டிக்’ என்று படபடத்திருந்தால், இறங்கிப்போன பேட்டரியை முதலில் சந்தேகித்திருப்பேன்.

12.7 வோல்ட் என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து இவர் நெல் மூட்டை தூக்குவார் என்று முடிவு கட்டுவதைப் போன்றது. ரிலேயின் சுருளுக்குச் சில ஆம்பியர் மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டாரோ பல பத்து ஆம்பியர் கேட்கும். ஏதோ ஓர் இணைப்பில் உப்புப் பூத்து, பத்தில் ஒரு பங்கு ஓம் மின்தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 2 ஆம்பியர் ஓடினால் இழப்பு வெறும் 0.2 வோல்ட், விளக்கும் எரியும், ரிலேயும் ‘டிக்’ என்னும். அதே இணைப்பில் 60 ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 6 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பேட்டரியில் பாதியை அந்த ஒரு முடிச்சே தின்றுவிட்டால் மோட்டார் எப்படிச் சுற்றும்?

எனவே கியரை நியூட்ரலில் வைத்து, மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் ஈய முனைகள் மீதே வையுங்கள். அவற்றில் போல்ட்டால் இறுக்கியிருக்கும் வயர் முனையின் உலோக வளையமான லக்கின் மீது வைக்கக் கூடாது. வேறொருவரைப் பொத்தானை இரண்டு விநாடி அழுத்தச் சொல்லி எண்ணைப் பாருங்கள். 9.5 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால், புதிய பேட்டரியே பலவீனமாக இருக்கலாம். ஆசிட் ஊற்றியதும் முதல் சார்ஜ் போடாமல் அப்படியே மாட்டிக் கொடுக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகும் அப்படியே விழுந்தால், மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். மாறாக, பொத்தானை அழுத்தியும் 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால், மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை. உங்கள் வண்டியில் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

அப்படியானால் பொத்தானை அழுத்திய நிலையிலேயே ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் அளந்துகொண்டு போக வேண்டும். ஈய முனைக்கும் அதில் இறுக்கியிருக்கும் லக்குக்கும் இடையே, ரிலேயின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே, மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே என்று பாருங்கள். நல்ல இணைப்பு 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. எங்கே பல வோல்ட் தெரிகிறதோ அங்கேதான் பழுது. எல்லாம் சரியாக இருந்து, மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே முழு 12 வோல்ட் வந்தும் அது அசையவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைக் கழற்றுங்கள். அப்போதும் முழு மோட்டாரை வாங்குவதற்கு முன், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சிறு செலவில் முடிகிற வேலை.

கடற்கரை வண்டிகளில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது எர்த் வயரைத்தான். மேலே ரப்பர் உறை புதிதுபோல இருக்கும். லக்கிலிருந்து இரண்டு விரற்கடைத் தூரத்தில் அழுத்தினால் உள்ளே மொறமொறவென்று நொறுங்கும், உறையைக் கீறினால் செம்பு இழைகள் பச்சைக் களிம்பாக உதிரும். அத்தகைய வயரைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும். வயர் நன்றாக இருந்து போல்ட் மட்டும் துருப்பிடித்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, உப்புக் காகிதத்தால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசியில் வர வேண்டும்.

ஸ்குரூ டிரைவரை ரிலேயின் இரு போல்ட்டுகளிலும் வைத்துத் தீப்பொறி பறக்கப் பார்ப்பது பட்டறைகளில் சாதாரணம். சீட்டுக்கு அடியில் பேட்டரியின் வாயுவும் பெட்ரோல் ஆவியும் இருக்கிற இடத்தில் அதைச் செய்ய விடாதீர்கள்.

எஞ்சின் இறுகியிருக்குமோ என்று தோன்றினால், சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் கார்புரேட்டர் கசிந்து சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருந்தால், அது பிளக் துளை வழியே பீய்ச்சி வெளியேறும். அந்நிலையில் எஞ்சின் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

கேள்வி: புதுச்சேரி அரியாங்குப்பத்தில் எங்கள் வண்டியும் கிளம்பவில்லை. ஆனால் அந்த ‘டிக்’ கூட வரவில்லை. இதற்கும் இதே சோதனைதானா?

பதில்: இல்லை, உங்களுக்கு மெல்லிய வயர்ப் பாதை. மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன், எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் ‘ரன்’ நிலையில் இருக்கிறதா, நியூட்ரல் விளக்கு எரிகிறதா, பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்துகிறீர்களா என்று பாருங்கள், பல ஏ.டி.வி.களில் பிரேக் பிடிக்காமல் செல்ஃப் எடுக்காது. பிரேக் பிடித்தும் பின்விளக்கு பளிச்சென்று எரியவில்லை என்றால், லீவருக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறிய சுவிட்சில் மணல் புகுந்திருக்கக்கூடும். கழற்றி ஊதிச் சுத்தம் செய்துவிட்டு அழுத்திப் பாருங்கள். பிறகுதான் ஃபியூஸ்.