கூரைமேல் ஒரு சமையலறை

கடிதம்: ஐயா, நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். பழைய லெகோ தீயணைப்பு நிலையங்களைச் சேர்க்கிறேன். 1981-இல் வந்த 6382-ஆம் எண் செட், 1985-இன் 6385, 1990-இன் 6389 மூன்றும் என்னிடம் உண்டு. போன வெள்ளிக்கிழமை சோர் பஜாரில் இன்னொரு 6382 கிடைத்தது. ஏதோ குழந்தை அதன் கூரைமேல் உள்ளூர் பிளாக்குகளால் ஒரு அறை மாதிரி கட்டி வைத்திருந்தது, அதைப் பிரித்துவிட்டேன். மஞ்சளித்த வெள்ளைக் கட்டைகளை எப்படி வெளுப்பது? மூன்றில் எது சிறந்தது? – எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிரித்துவிட்டீர்களா! ஒரு போட்டோகூட எடுக்காமல்?

வெளுப்பது பெரிய வித்தை இல்லை. கையுறை போட்டுக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடில் முக்கி வெயிலில் வையுங்கள், ஸ்டிக்கர் உள்ளதை மட்டும் முக்காதீர்கள். கொஞ்ச காலத்தில் மறுபடி மஞ்சளிக்கும், நானாக இருந்தால் விட்டுவிடுவேன். எது சிறந்தது என்பதெல்லாம் அவரவர் எதை முதலில் தொட்டோம் என்பதைப் பொறுத்தது. எனக்கு 6382, அதற்குமேல் வாதம் இல்லை.

மஸ்கட்டிலிருந்து மாமா அதைக் கொண்டு வந்தபோது நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். என் வகுப்பில் விலாஸ் என்று ஒருவன், அப்பா ஃபயர் பிரிகேடில், பைகுல்லா குவார்ட்டர்ஸில் வீடு. பையன்கள் அவனை பம்பாவாலா, அதாவது தீயணைப்புக்காரன், என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பெருமையாகக் கட்டி வைத்ததை அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் எங்கள் வீடு எங்கே?" என்றான். வண்டி இருக்கிறது, கதவு இருக்கிறது, ஆட்கள் எல்லாரும் தொப்பி போட்ட வீரர்கள். ஒரு அம்மா இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் அவன் வீட்டிலோ ராத்திரி மணி அடித்தால் முதலில் முழிப்பது அம்மாதான்.

1944 ஏப்ரல் 14-இல் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் அவன் அப்பா இஸ்திரி போட்ட சீருடையில் கிளம்பிப் போவார். எங்கள் வீட்டில் அதை ஒட்டித்தான் சித்திரை வருஷப் பிறப்பு வரும், மாங்காய்ப் பச்சடி வாசனையோடு. விலாஸ் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடிவிடுவான், அப்பா திரும்பும்போது வீட்டில் இருக்கவேண்டுமாம்.

என்னிடம் இருந்த நம் ஊர் பிளாக்குகளை எடுத்து அவன் கூரைமேல் ஒரு சமையலறை கட்டினான். லெகோவோடு அது சரியாகப் பிடிக்காது, தொட்டால் ஆடும். என் பாட்டியிடம் கொஞ்சம் சோறு வாங்கி வந்து நசுக்கி ஒட்டினான். மாமா பார்த்துவிட்டு, "காசு போட்ட பொருளை நாசம் பண்ணிட்டீங்களேடா" என்று கத்தினார். பிரிக்கச் சொன்னதும் நான் பிரித்துவிட்டேன். விலாஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

ஆகவே உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது, இருந்தாலும் திட்டுகிறேன். அட்டவணையில் உள்ளதெல்லாம் அப்படியே இருந்தால் முழுமை என்கிறீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தது அங்கே லட்சக்கணக்கில் வந்ததுதானே? அந்த ஒரு அறைதான் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைப் போய் அழுக்கு மாதிரி தட்டிவிட்டிருக்கிறீர்கள்.

சரி. உதிரிகளை இன்னும் எறியவில்லை என்றால், அடியில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.