எக்ஸ்ட்ரா வேலைய பயலுவ எப்ப மனசாரச் செய்வானுவ? கேளுங்க, சொல்லுதேன்

ஜவுளிக்கடை ஃப்ளோர்ல நின்னு, அப்புறம் ஹெச்ஆர்ல ரொம்ப வருஷம் ஓட்டுனவன் நான். வந்த கேள்விக்கு ஒவ்வொண்ணா பதில் போடுதேன்.

வண்ணார்பேட்டை கடைக்காரர்: அண்ணாச்சி, ஸ்டாக் அடுக்குடேன்னா 'அது என் வேலையா'ங்கான். தனியா துட்டு குடுத்து பழக்கவா?

துட்டுல ஆரம்பிக்காதீய. 1971ல எட்வர்ட் டெசின்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் காலேஜ் பிள்ளைகள்ட்ட கட்டைப் புதிர் ஒண்ண குடுத்து, ஒரு குரூப்புக்கு மட்டும் போட்டு முடிக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாலர் குடுத்துப் பாத்தாரு, துட்ட நிப்பாட்டுனதும் அந்த குரூப்பு சும்மா இருக்க நேரத்துல புதிரத் தொடுறது கொறஞ்சு போச்சு. ஆனா அது புதிர், ஆசை முதல்லயே இருந்துச்சு. சேலை அடுக்குறதுல என்ன ஆசை இருக்கு சொல்லுங்க? அந்த ஆசைய நாமதான் உண்டாக்கணும், அதனால ஒரு ரேக்க அவன் பொறுப்புல விட்டுருங்க, எந்த கலர் மேல, எது கண்ணுக்கு நேரன்னு அவனே முடிவு பண்ணட்டும், வந்தவிய கேட்டு நம்மட்ட இல்லாமப் போன ஐட்டத்த ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, ஆடிக்கு சரக்கெடுக்கப் போகும்போது அந்த நோட்டையும் அவனையும் கூட்டிட்டுப் போங்க. நோட்ட வாங்கி கல்லாவுக்குள்ள போட்டு மறந்திய, அடுத்த மாசம் அவன் எழுத மாட்டான்.

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்: ஷிப்ட் முடிஞ்ச அடுத்த நிமிஷம் பைக்க எடுத்துருதானுவ.

எடுக்கட்டும்வே, வீட்டுக்குப் போறது குத்தமா? மெஷின்ல சத்தம் மாறுனா ஒம்மகிட்ட வந்து சொல்லுதானா, புதுசா வந்த பயலுக்கு கேக்காமலே சொல்லிக் குடுக்கானா, அதப் பாரும். லேட்டா உக்காந்திருக்கது எல்லாம் அக்கறை இல்ல.

தென்காசி தங்கச்சி: நான் போட்ட எக்செல் ஷீட்ட மேனேஜர் தன் பேர்ல காட்டிட்டார். இப்ப எல்லா ஷீட்டும் என் தலைல.

அடுத்த ஷீட்ட மெயில்ல அனுப்பு தாயி, அதுல சம்பந்தப்பட்ட எல்லாரையும் சிசி போடு. 'இத செஞ்சா எத விடட்டும்'னும் கேட்டுரு. இப்படிப்பட்ட மேனேஜருக்கு ஒண்ணு சொல்லுதேன், ஒரு பிள்ளை வாயத் தொறந்து ஐடியா சொல்லுறத நிப்பாட்ட இதவிட சுருக்கு வழி கிடையாது.

பேர் வேண்டாம்: 12 மணி நேரம் நிக்க வைக்காங்க. 'நம்ம குடும்பம்னு நெனச்சு செய்யி'ங்காங்க.

இது மோட்டிவேஷன் கேள்வியே இல்ல, சட்டம். 1947 தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேலன்னா சம்பளம் ரெட்டிப்பு. 2021ல திருத்தம் வந்து, உக்கார சீட்டும் குடுத்தாகணும். லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம். குடும்பம்னு சொல்லுதவுக லாபத்துல பங்கு தாராவளா?

பாளை ஷோரூம் மேனேஜர்: வாட்ஸ்அப் குரூப்ல 'மாசத்தின் சிறந்த ஊழியர்' போட்டா போதுமா அண்ணாச்சி?

போடுங்க, ஆனா என்ன செஞ்சான்னு எழுதிப் போடுங்க. வெறும் போட்டோவும் கப்பும் போட்டா எல்லாவனும் கைதட்டுற பொம்மைய அனுப்பிட்டுப் போயிருவானுவ. 'அளவு மாறிப்போன சட்டைய கஸ்டமர் வீட்டுக்கே கொண்டுபோய் மாத்திக் குடுத்தான்'னு போடுங்க, அப்படியே பெட்ரோல் காசையும் குடுத்துருங்க.