புது மீன் மூலையிலேயே கிடந்தால்...

கொளத்தூரில் ஒரே ஒரு கொரிடோரஸ் (அடியில் மேயும் சிறு மீசை மீன்) வாங்கி, கப்பியும் மோலியும் இருக்கும் இரண்டடித் தொட்டியில் விட்டேன். மூன்று நாளாக ஃபில்டருக்குப் பின்னாலேயே கிடக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, சென்னை)

மாற்ற வேண்டாம் அம்மா, மீன்மேல் குறையில்லை. கொரிடோரஸ் கூட்டத்தோடு வாழ்கிற மீன். குறைந்தது ஆறு இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும். அதை ஒற்றையாக விற்றதுதான் கடைக்காரர் செய்த தப்பு. மீதி ஐந்தையும் ஒரே நாளில் கொட்டாமல், இரண்டு தவணையாக, அதே இனத்திலேயே வாங்குங்கள்.

அதுவரை லைட்டைக் குறைத்து வையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டையோ கவிழ்த்த மண்சட்டியோ போதும். மேலே தூவும் தீனியைக் கப்பிகளே காலி செய்துவிடும். இரவு விளக்கணைத்த பிறகு அடியில் மூழ்கும் தீனி இரண்டு போடுங்கள். கூரான கல் இருந்தால் எடுத்துவிட்டு மணல் போடுங்கள், மீசை தேயாது. நடுநடுவே விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனால் பயப்படாதீர்கள், அது அதன் இயல்பு. செவுள் வேகமாக அடித்தாலோ, உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, அது கூச்சமில்லை, நோய்.

தொட்டி வாங்கிய அன்றே பன்னிரண்டு மீன் விட்டேன். மறுவாரம் நான்கு செத்துவிட்டன. கடைமேல் வழக்குப் போடலாமா? (வாசகர், சேலம்)

எதை வைத்துப் போடுவீர்கள்? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற விஷத்தை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியின் ஃபில்டரில் வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த நான்கும் பிழைத்திருக்கும்.

ஆஸ்கர் தொட்டியில் விட்ட நியான் டெட்ராக்களைக் காணவில்லை. (வாசகர், திருச்சி)

ஆஸ்கர் தின்றுவிட்டது. இனி விடாதீர்கள்.

பிங்க், பச்சைக் கோடு போட்ட கண்ணாடி மீன் வாங்கினேன். எப்போதும் ஒளிந்தே இருக்கிறது, நிறமும் மங்குகிறது. தண்ணீர் சரியில்லையா? (வாசகி, மதுரை)

தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். நானும் இதே மீனை வாங்கியிருக்கிறேன். சில மாதத்தில் கோடு கரைந்து வெறும் கண்ணாடியாக நின்றது. இது நம் நாட்டு ஆறு குளங்களில் வாழும் மீன். முள் வெளியே தெரியும் அளவுக்கு உடம்பு ஊடுருவித் தெரியும். அதுதான் அதன் அழகு. முதுகோரமும் வயிற்றோரமும் ஓடும் அந்த வண்ணக் கோடு பிறவியில் வந்ததல்ல. ஊசி வைத்துச் சாயம் ஏற்றுகிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு ஊசி! குத்திய காயத்தில் நோய் புகும், பல மீன்கள் அதிலேயே சாகும். தப்பி வந்தது ஒளியாமல் என்ன செய்யும்?

சாயம் என்று சொல்லாமல் இயற்கை நிறம்போல விற்பது மோசடி. பில் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். ஆனால் இன்னொன்று வாங்காதீர்கள்; வாங்க ஆளிருக்கும்வரை ஊசி நிற்காது. சாயமேற்றாத கண்ணாடி மீன் கிடைத்தால் நான்கைந்து துணைக்கு விடுங்கள், உயிர்த் தீனி கொடுங்கள். மெல்ல வெளியே வரும்.

ஆன்லைனில் வாங்கிய மீன்களில் பாதி செத்தே வந்தன. "கூரியர்காரரைக் கேளுங்கள்" என்கிறார் விற்றவர். (வாசகர், நாகர்கோவில்)

உங்களிடம் பணம் வாங்கியவர் அவர்தான், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பையைப் பிரிக்காமல் எடுத்த வீடியோவும் பணம் கட்டிய ரசீதும் இருந்தால் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். மசியவில்லையென்றால் 1915. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

பிழைத்த மீன்களுக்கு ஒரு வார்த்தை. நெடுநேரம் பையில் வந்த மீனின் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் அதன் விஷம் ஏறும். அதனால் மூடிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.