பழைய ஷெட்டில் கோழி வளர்க்கலாம், நரிக்கு வழி விடாமல்

தம்பி, லண்டன் குரோய்டனில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். தோட்டத்து மூலையில் எட்டுக்கு ஆறடியில் பழைய மர ஷெட் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்காக நாலு கோழி வளர்க்க ஆசை. ஆனால் ராத்திரியில் வேலி மேல் நரி நடந்து போவதைப் பார்த்துவிட்டு, ஷெட்டைச் சுற்றிக் கோழி வலை அடித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. ஆனால் ஒழுங்காக மாற்றினால், கடையில் விற்கிற பல சின்னக் கூடுகளைவிட ஷெட் நல்ல கூடு. உள்ளே நிமிர்ந்து நின்று கூட்டலாம், கோழிக்கும் இடம் தாராளம்.

வலைக்கு முன்னால் சாயங்காலத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஊரில் வருஷம் முழுக்க ஆறு, ஆறரை வாக்கில் பொழுது சாயும். கோழி தானாக வந்து அடையும், பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் வேலை முடிந்தது. லண்டனில் டிசம்பர் நடுவில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் இரவு 9.20 ஆகும். கோழிக்கு வெளிச்சம்தான் கணக்கு, மங்கினால் அடைந்துவிடும். குளிர்காலத்தில் நீங்கள் ஐந்தரைக்கு வேலை முடித்து, ரயிலைப் பிடித்து வீடு சேர்வதற்குள் கூடு இருட்டில் இரண்டு மூன்று மணி நேரம் திறந்து கிடக்கும். அடைந்த கோழி இருட்டில் எழுந்து ஓடாது. உள்ளே நுழைந்த நரியும் ஒன்றோடு நிற்காது. இருக்கிற அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். மற்றதை எடுத்துப் புதைத்துவைக்கத் திரும்பி வரும்.

அதனால் உங்கள் முதல் செலவு தானியங்கிக் கதவாக இருக்கட்டும். ஷெட்டின் பக்கப் பலகையில் ஓரடிக்கு ஓரடி கோழி வாசல் வெட்டி அதில் பொருத்துவது. நேரம் வைத்து இயங்குவது ஒரு வகை, வெளிச்சத்தை உணர்ந்து இயங்குவது இன்னொரு வகை. நேரம் வைப்பதை வாங்கினால், பொழுது மாற மாற நீங்களும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இங்கே கடிகாரத்தையே நகர்த்துவார்கள், அதையும் கவனிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது வெளிச்சத்தை உணர்வது. ஆனால் தெருவிளக்கு நேராக அதன் மேல் விழக் கூடாது. எந்தக் கதவானாலும் தகடு உலோகமாக இருக்கட்டும், கீழ் விளிம்பு ஒரு பள்ளத்துக்குள் இறங்கி உட்காரட்டும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நரி நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிடும். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே கதவு இருக்கிறதே என்று இருந்துவிடாமல் தினமும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கதவு மூடிய பிறகு வந்த கோழி வெளியில் நிற்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

இனி தரை. மழையில் சாமான் நனையாமல் வைக்கத்தான் இந்த ஷெட்களைக் கட்டுகிறார்கள். மெல்லிய பலகைத் தரை, கீழே நாலைந்து கட்டை, அதற்கடியில் இருட்டான வெற்றிடம். எலிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. லண்டனில் நரி குட்டி போடுவதும் பல நேரம் ஷெட்டுக்கு அடியில்தான். 1930களில் பெரிய தோட்டங்களோடு புறநகர் வீடுகள் பெருகியபோதே நரிகள் அவற்றில் குடியேறத் தொடங்கிவிட்டன. நம் தோட்டங்கள் அவற்றுக்குப் பல தலைமுறையாகப் பழகிய ஊர். ஷெட்டைக் கான்கிரீட் பலகைகள் மேல் தூக்கி வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், பலகைத் தரைமேல் முழுக்க வெல்டு மெஷ் விரித்து, அதன் மேல் பிளைவுட் போட்டு மூடுங்கள். எலி கீழிருந்து பலகையைக் கடித்துத் துளைத்தாலும் கம்பியில் நின்றுவிடும்.

மெஷ் என்றால் எது என்று கேட்பீர்கள். நீங்கள் நினைக்கிற அறுகோணக் கண் கோழி வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். அந்தக் கம்பியை நரி கடித்து அறுக்கும். சதுரக் கண் உள்ள, பற்றவைத்த, துத்தநாகம் பூசிய மெஷ் வாங்குங்கள். கண் 13 மி.மீ. இருக்கட்டும். 25 மி.மீ. கண்ணில் எலிக்குஞ்சும், கீரி மாதிரி ஒல்லியாக இருக்கும் வீசலும் நுழைந்துவிடும். கம்பி 19 கேஜ் பரவாயில்லை, தரையிலிருந்து இரண்டடி வரை 16 கேஜ் போட்டால் இன்னும் நிம்மதி. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன். ஸ்டேப்ளர் பின்னை மட்டும் நம்ப வேண்டாம், இழுத்தால் வந்துவிடும். மெஷ் மேல் ரீப்பர் வைத்து ஸ்குரூ முடுக்குங்கள்.

அடுத்து, நரி தோண்டும். வேலி தரையைத் தொடும் இடத்தில்தான் தோண்டத் தொடங்கும். அதனால் ஷெட்டையும், கோழி பகலில் உலாவ அதை ஒட்டி அடிக்கும் மேய்ச்சல் கூண்டையும் சுற்றி, சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில் பாவாடை போல விரித்து, முளையடித்து, மேலே புல் கரணையோ நடைபாதைப் பலகையோ போட்டுவிடுங்கள். ஆழக் குழி வெட்டிப் புதைப்பதைவிட இது சுலபம், பலனும் குறைவில்லை. தோட்டத்தின் பின்னால் காடோ புல்வெளியோ இருந்தால் பேட்ஜர் என்னும் வளை தோண்டும் விலங்கும் வரலாம். அதன் பலம் வேறு, அங்கே கனமான கான்கிரீட் பலகைதான் வேண்டும். பேட்ஜரைத் துன்புறுத்துவதும் அதன் வளையைக் கலைப்பதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நரிக்கு விஷம் வைப்பதும் சட்டவிரோதம்தான். யாராவது அப்படி யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஷெட் கதவை மழைக்காலத்தில் பாருங்கள். ஈரத்தில் பலகை முறுக்கிக் கீழ் மூலை வெளியே வளைந்திருக்கும். அந்த இடுக்கில் மூக்கை நுழைத்தால் நரி நெம்பிவிடும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள். பழைய ஷெட்களில் இருக்கும் சுழற்றுக் கட்டையைக் கழற்றி எறியுங்கள். ஜன்னலில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தகடு என்றால் அதையும் எடுத்துவிட்டு மெஷ் அடிக்கலாம். காற்றோட்டத்துக்கு அது அவசியமும் கூட. பாதுகாப்பு என்று எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் எச்சத்தின் அமோனியா கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். காற்று வழி, கோழி அடையும் கம்புக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்க வேண்டும்.

மேய்ச்சல் கூண்டுக்குக் கூரை வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆறடி வேலியை நரி சாதாரணமாக ஏறித் தாண்டும். ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகளுக்காகப் பட்டப்பகலிலும் வேட்டைக்கு வரும். பறவைக்காய்ச்சல் பரவும்போதும் அந்தக் கூரை கைகொடுக்கும். 2022 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை இங்கிலாந்து முழுவதும் கோழிகளை அடைத்தே வைக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது.

அதோடு சேர்ந்த இன்னொன்று: 2024 அக்டோபர் 1 முதல், ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் ஏ.பி.எச்.ஏ. என்னும் அரசின் விலங்கு, தாவர நல அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் இல்லை. வீட்டுப் பத்திரத்தில் கோழி வளர்க்கத் தடை ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சேவல் வேண்டாம், அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும்.

நம் வீடுகளில் மிச்சச் சோற்றையும் இட்லியையும் கோழிக்குப் போடுவது வழக்கம். இங்கே சமையலறை வழியாக வந்த எதையும் கோழிக்குப் போடக் கூடாது என்பது சட்டம். பால்கூடச் சேராத முழுச் சைவ வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தோட்டத்தில் பறித்த கீரையை அப்படியே நேராகப் போடலாம். சிந்திய சோறு எலியை அழைக்கும், எலியைத் தேடி நரி வரும். தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்து, ராத்திரி தீவனத் தட்டையும் எடுத்துவிடுங்கள்.

கோழியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்குங்கள். கூடு தயாரானதும் ஓரிரு வாரம் காலியாகவே விடுங்கள். காலையில் எழுந்ததும் பாவாடை மெஷ்ஷைச் சுற்றி வந்து, எங்கே மண் கீறியிருக்கிறது, எந்தக் கதவு மூலையில் பல் பட்டிருக்கிறது என்று பாருங்கள். நரி முயன்ற இடத்தை முதலில் பலப்படுத்துங்கள், பிறகு பிள்ளைகளோடு போய்க் கோழி வாங்கி வாருங்கள்.