ஒரே கூடம், 18 குழந்தைகள்

இந்த இதழில், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் நான்கு சுவர்களுக்குள் கூடி விளையாடுவது பற்றி வந்த நான்கு கடிதங்களுக்குப் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: நாகப்பட்டினத்துக்கு அருகில் ஒரு சிறிய மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் பிள்ளைகளை வெளியே விட முடிவதில்லை. மூன்று முதல் ஐந்து வயது வரை 18 பேர் இருக்கிறார்கள்; இருப்பதோ ஒரே கூடம். குலை குலையா முந்திரிக்காய் ஆட வைத்தால், பத்து நிமிடத்துக்குள் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எழுந்து ஓடும் பிள்ளைகள் மீது குற்றமில்லை. அந்த ஆட்டத்தின் கணக்கே அப்படி. 18 பேர் வட்டமாக அமர்ந்தால் ஓடுகிறவர்கள் இருவர், காத்திருப்பவர்கள் 16 பேர். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், கடைசிப் பிள்ளைக்கு முறை வர ஒன்பது நிமிடம் ஆகிவிடும். நான்கு வயதுக்காரருக்கு அது ஒரு யுகம். ஆகவே, எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அதில் வேலை இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். உதவிக்கு ஆயா ஒருவர் இருந்தால், முந்திரிக்காயையே மூன்று வட்டங்களாக, வட்டத்துக்கு ஆறு பேராகப் பிரித்து ஆடலாம். ஓட்டத்துக்குப் பதிலாக யானை நடை என்று வைத்தால், ஈரத் தரையில் வழுக்கி விழும் பயமும் குறையும்.

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வேலை தரும் ஆட்டம் வேண்டுமென்றால், ஒரு பழைய நூல் சேலை போதும். ஐந்தரை மீட்டர்ச் சேலையைக் கூடத்தின் நடுவே விரித்தால், அதன் சுற்றளவு ஏறத்தாழ 13 மீட்டர். 18 பேரும் முக்கால் மீட்டருக்கு ஒருவராக நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்ளலாம். கூடம் குறுகலாக இருந்தால் பாதியாக மடித்துக்கொள்ளுங்கள். கசக்கிய செய்தித்தாள் உருண்டைகள் நான்கைந்தை நடுவில் போட்டு, "கடலில் அலை வருகிறது" என்று சொன்னால் அனைவரும் சேலையை ஆட்ட வேண்டும். "கடல் தூங்குகிறது" என்றால் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு வேகத்தில் உதறுவார்கள், உருண்டைகள் எல்லாம் நொடியில் தரைக்கு வந்துவிடும், ஒரு பிள்ளை சேலைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் தடுக்க வேண்டாம். அதற்கும் ஒரு பெயர் வையுங்கள், மீன் என்று. மூன்றாம் நான்காம் நாளில், பக்கத்திலிருப்பவர் கையைத் தாழ்த்தும்போது தானும் தாழ்த்தினால்தான் உருண்டை விழாது என்பதைச் சில பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். சேர்ந்து ஆடுவது என்றால் என்னவென்பதை அவர்களின் கை அப்போது அறிந்துவிடும். நாம் வாயால் விளக்கத் தேவையில்லை.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. மழை பெய்கிறது என்பதற்காக இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது. ஆனால், இதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாக நாள் முழுவதும் பரப்பிவிடலாம்.

ஆட்டம் முடிந்து, கூடமே கொதித்துக்கொண்டிருக்கும்போது "சும்மா இருங்கள்" என்று அதட்டினால் சத்தம் கூடவே செய்யும். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரியின் கல்வி முறையில் மௌன விளையாட்டு என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் கண்ணை மூடி அசையாமல் அமர்ந்திருக்க, ஆசிரியை கதவுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் காற்றுப் போன்ற குரலில் அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை காலடி ஓசை கேளாமல் அவரிடம் வந்து சேர வேண்டும். இதிலும் காத்திருப்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே காத்திருப்பதுதான் ஆட்டம், காதுக்கு ஓயாமல் வேலை இருக்கிறது. முதல் வாரம் ஆறு பேரோடு தொடங்குங்கள். ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது. அழைக்கப்படாத பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர் அதை மறக்க மாட்டார்.

கேள்வி: சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மகளுக்கு நான்காவது பிறந்தநாள் வருகிறது. அக்கம்பக்கத்திலிருந்து 11 குழந்தைகள் வருவார்கள். சென்ற ஆண்டு இசை நாற்காலியில் முதலில் வெளியேறிய குழந்தை, கேக் வெட்டும் வரை அழுதது. விளையாட்டே வேண்டாம் என்று கணவர் சொல்கிறார்.

பதில்: விளையாட்டு இருக்கட்டும், வெளியேற்றத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். இசை நாற்காலியின் விதி ஒரு விந்தை: ஆடப் பழகாத பிள்ளையைத்தான் அது முதலில் வெளியே உட்கார வைக்கிறது. நாற்காலிகளுக்குப் பதிலாகச் சிறிய பாய்களை விரியுங்கள். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒரு பாயை எடுத்துவிடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். எல்லாரும் மீதமுள்ள பாய்களில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரே பாயில் உங்கள் மகளையும் சேர்த்து 12 பேரும் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்தக் கடைசிப் பாய் மட்டும் பெரிய ஜமுக்காளமாக இருப்பது நல்லது, இல்லையென்றால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

"காக்கா பறக்கும், கொக்கு பறக்கும், மாடு பறக்கும்" ஆட்டத்தையும் இவ்வாறே நடத்தலாம். மாட்டுக்குக் கை தூக்கியவரை வெளியேற்றாமல், எல்லாருமாக "அம்மா" என்று கத்தினால் போதும். சற்று நேரத்தில் வேண்டுமென்றே கை தூக்கத் தொடங்குவார்கள். பலூன் கட்டுவதாக இருந்தால், வெடித்தவற்றின் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சை அடைத்துவிடும். பரிசு கொடுப்பதாக இருந்தால் எல்லாருக்கும் ஒன்றே கொடுங்கள், வீடு திரும்பும் நேரத்தில்.

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். பகலில் பேரன், பேத்தி இருவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பேத்திக்கு நான்கு வயது, பேரனுக்கு இரண்டு. என் தாயார் ஆடிய பல்லாங்குழி பரணில் கிடக்கிறது. புளியங்கொட்டை, சோழி இரண்டும் இருக்கின்றன. இப்போதே கற்றுக்கொடுக்கலாமா?

பதில்: ஐயா, பலகையைத் துடைத்து வையுங்கள், கொட்டையையும் சோழியையும் பரணிலேயே விட்டுவிடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டமே 27 மில்லிமீட்டர்தான். புளியங்கொட்டை அந்த உருளைக்குள் தாராளமாக விழும், மூக்குக்குள்ளும் போகும்.

பேரன் தூங்கும் நேரம் வரை, சமையலறையிலிருந்து மூன்று இட்லித் தட்டுகளையும், சற்றுப் பெரிய எலுமிச்சம்பழங்கள் பன்னிரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். (செட்டிநாட்டு வீட்டில் பணியாரச் சட்டிதான் முதலில் நினைவுக்கு வரும்; இரும்புச் சட்டி காலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் நினையுங்கள்.) குழிக்கு ஒரு பழமாகப் பேத்தி இட்டுக்கொண்டே போகட்டும், பேரன் எடுத்து உங்களிடம் தரட்டும். காசி கட்டுவது, பசு எடுப்பது போன்ற பல்லாங்குழி விதிகள் எல்லாம் ஏழெட்டு வயதுக்கு உரியவை. குழிக்கு ஒன்று, ஒன்றையும் தாண்டக் கூடாது என்பதே நான்கு வயதுக்குப் போதுமான விதி, எண்ணிக்கையின் அடிப்படையும் அதுதான். பேரன் ஒரு பழத்தைக் கடித்து முகம் சுளித்தால், அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று வயது நிரம்பிய என் மகன், மற்ற குழந்தைகள் விளையாடும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிறானே தவிர, சேர்வதில்லை. கையைப் பிடித்து உள்ளே விட்டால் அழுகிறான்.

பதில்: அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், சிறுவர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் கூடும் விதங்களைப் பிரித்துக் காட்டினார். தனியாக ஆடுவது, ஒருவர் பக்கத்தில் ஒருவராக அவரவர் வேலையைச் செய்வது, சேர்ந்து ஆடுவது ஆகியவற்றோடு, நின்று பார்ப்பதையும் ஒரு தனி வகையாகவே அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். பார்க்கும் பிள்ளை ஆட்டத்தின் விதிகளைக் கண்ணால் படித்துக்கொண்டிருக்கலாம். கூட்டத்துக்குள் தள்ளாமல், தூணுக்கு அருகிலேயே அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாட்டை நிறுத்துவது, பாயை எடுப்பது, விழுந்த உருண்டையைத் திருப்பிப் போடுவது. பிறகு, ஒரே ஒரு குழந்தையை மட்டும் வீட்டுக்கு அழைத்து, இருவருக்கும் ஒரே மாதிரிப் பொம்மைகளைக் கொடுத்து, பக்கம் பக்கமாக ஆட விடுங்கள்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது, பேசிய சொற்கள் மறைந்துபோவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், அவன் தூணை விட்டு நகரும் நாளை அவனே தீர்மானிக்கட்டும்.